படிக்கும், எழுதாது

படி என்றால் படிக்கிறது.
நவம்பரை, போன மார்ச்சை,
எந்த நாளைக் கேட்டாலும் நொடியில் எடுத்து நீட்டுகிறது.
எழுது என்றால்
பதினோரு ஜிகாபைட் வரை பணிவாக எழுதிவிட்டு
அப்புறம் பேச்சுமூச்சு இல்லை.

சொன்னதைச் சொல்கிறது இந்த எஸ்எஸ்டி,
சொல்வதைத்தான் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது என்றேன்.
தொலைபேசியில் ஐதாலினா சிரிக்கவில்லை.
"பதிவில் என்ன இருக்கிறது, வாசி."
வாசித்தேன்:
சாதனம் பதிலளிக்கவில்லை. முப்பது நொடி.
மீட்டமைப்பு. சாதனம் பதிலளிக்கவில்லை.
மீட்டமைப்பு. கடைசியில்
அப்படி ஒரு சாதனமே இல்லை.

லேனா ஆற்றின் கீழ்க்கரையில் இந்தக் குடில்.
தரைக்குள் நூற்றிருபது மீட்டர் இறங்கும் ஒளியிழை
உறைமண் விரிசல் விடும் ஓசையைக்
கேட்டுக் கேட்டு மேலே அனுப்புகிறது.
மண் யாருக்காகவும் நிறுத்திக்கொள்வதில்லை.
வாங்கி வைக்கத்தான் ஆளில்லை
நான்கு நாளாக.

கேபிளை மாற்றினேன்.
கையுறை கழற்றிய விரல் திருகாணியில் ஒட்டிக்கொண்டு
கொஞ்சம் தோல் போயிற்று.
போர்ட்டை மாற்றினேன். மின்வழங்கியை மாற்றினேன்.
தூங்கிப்போகிறதோ என்னவோ என்று
மின்சேமிப்பு உறக்கத்தை அணைத்தேன்.
ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன்,
பாதியில் ஜெனரேட்டர் இருமினால் தீர்ந்தது என்று
அதன் பக்கமே பார்க்காமல்.
உடல்நலம் எப்படி என்று கேட்டால்
தொண்ணூற்றேழு சதவீதம் என்கிறது, கூசாமல்.
என்னுடையதை யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் மிச்சீல் வண்டியோடு வந்தான்.
எஞ்சினை ஓடவிட்டே தேநீர் குடித்தான்.
இங்கே ஜனவரியில் அணைத்ததை
ஏப்ரலில்தான் எழுப்ப முடியும்.
டிரைவைச் சட்டையின் உள்பையில் போட்டுக்கொண்டு
ஆற்றின் மேலேயே ஓட்டிப் போனான் யாகூத்ஸ்க்குக்கு.

உள்ளதை நகலெடுத்துவிட்டு
ராத்திரி முழுக்க ஐதாலினா எழுதிப் பார்த்தாள்.
பூஜ்யத்தால் நிரப்பினாள், அழித்தாள்,
தாறுமாறான எண்களால் நிரப்பினாள்.
ஒரு தடவைகூட நிற்கவில்லையாம்.
"கோளாறு உன் கையில்தான்" என்றாள்.
திரும்பி வந்ததை மாட்டினேன்.
பதினோரு ஜிகாபைட்.
மௌனம்.

அங்கே எழுதுகிறது.
அங்கே மேசை. இங்கே பெட்டி.
"எல்லா எண்ணையும் வாசி" என்றாள்,
"நீ தாண்டிப் போகிற வரியையும்."
இயங்கிய மணிநேரம். இதுவரை எழுதியது.
வெப்பநிலை
என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

வெளியே மைனஸ் நாற்பத்தாறு.
என் மூச்சு என் மீசையிலேயே கெட்டியாகிறது.
உள்ளே அந்த விரல்நீளத் தகடு
எண்பத்து நான்கில் வெந்துகொண்டிருந்தது.

இந்த ஊரில் யார் போய்
சூட்டைத் தேடுவார்கள்?

அக்டோபரில், ஆறு உறைவதற்கு முன்,
பழைய கம்பளி பூட்ஸ் ஒரு ஜோடியைப் பிரித்து
பெட்டியைச் சுற்றி நானேதான் தைத்தேன்.
இரட்டைத் தையல். ஊசி நுழைய இடம் வைக்கவில்லை.
மிச்சீல் தட்டிப் பார்த்து
"பிள்ளையைக்கூட இதில் படுக்கவைக்கலாம்" என்றான்.
அந்தப் பாராட்டில் இரண்டு நாள் நடந்தேன்.

படிக்கும்போது அதற்கு வியர்ப்பதில்லை.
எழுதும்போதுதான்.

மீன் அறுக்கும் கத்தியால்
இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு வெட்டினேன்.
"ரொம்பப் பெரிதாக வேண்டாம், குளிரில் செத்துவிடும்."
எவ்வளவு பெரிது ரொம்பப் பெரிது?
அவளுக்கும் தெரியவில்லை.
வெட்டிய துண்டுகளை எறியாமல்
மேல் விளிம்பில் மட்டும் தைத்துத் தொங்கவிட்டேன்,
தூக்கவும் இறக்கவும்.

பன்னிரண்டு. பதின்மூன்று.
நாற்பதைத் தாண்டியபோது
குடிக்க எடுத்த தேநீரில் ஆடை கட்டியிருந்தது.

வரைபடத்தில் ஏழு நாள் வெள்ளையாகக் கிடக்கிறது.
அதற்குள் கீழே எது உடைந்ததோ.
மாத அறிக்கையில்
இடைவெளிக்கான காரணம் என்று ஒரு கட்டம்.
வன்பொருள் என்று அடித்து, அழித்து,
கம்பளி என்று எழுதி அனுப்பினேன்.

ஐதாலினா திருப்பி அனுப்பியிருக்கிறாள்.
விளக்கம் தேவையாம்.